ஈரோடு ஜங்ஷனும் நமது சரக்கும்

நம் சங்க அங்கத்தினர்களுள் ஈரோடு ஜங்ஷனை அறியாதவர் அநேகமாக இரார். மஞ்சள் விற்க வந்தவரும், நூல் வாங்க வந்தவரும், ஜவுளிச் சந்தைக்குத் துணிக்கட்டுடன் வந்தவரும் அதன் நடைமேடையில் ஒரு முறையேனும் நின்றிருப்பர். ஆயினும், அடிக்கடி காணும் பொருளைக் குறித்து நாம் ஆராய்வது குறைவு. அந்த ஜங்ஷன் ஏன் அவ்விடத்தில் அமைந்தது, அதன் வழியே சென்ற சரக்கு என்ன பாடுபட்டது, நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாக அங்கு நேர்ந்த மாறுதல்களால் உழவரும் நெசவாளரும் அடைந்தது யாது என்பவற்றை அறிவது பயனுள்ள காரியமாகும். நம் சங்கங்களின் அன்றாட வேலைக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாதைகள் அங்கே கூடிய காரணம்

ஜங்ஷன் என்பதற்குக் கூடுமிடம் என்பது பொருள். இரண்டு இருப்புப் பாதைகள் ஓரிடத்தில் கூடவேண்டுமாயின், நிலத்தின் அமைப்பு அதற்கு இடங்கொடுக்க வேண்டும். நமது நாட்டின் மேற்கே மலைத்தொடர் ஒரு மதில்போல் நிற்கிறது. அம்மதிலில் இயற்கை விட்டுவைத்த பெரிய வாயில் பாலக்காட்டுக் கணவாய். சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் பாதை அமைக்க முனைந்தவர்கள் அவ்வாயிலை நோக்கியே வரவேண்டியிருந்தது. சேலத்தையும் சங்ககிரியையும் கடந்து, காவேரியின்மேல் பாலமிட்டு இக்கரை சேர்ந்தால், முதலில் எதிர்ப்படும் ஊர் ஈரோடு.

மற்றொரு பாதை கிழக்கே நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. அது தஞ்சையையும் திருச்சிராப்பள்ளியையும் தொட்டு, காவேரியின் தென்கரையைப் பற்றிக்கொண்டே கரூர், கொடுமுடி வழியாக ஆற்றின் போக்குக்கு எதிராக ஏறி வந்தது. ஆற்றைக் கடந்து வந்த பாதையும் ஆற்றோரமாக வந்த பாதையும் சந்தித்த இடமே ஈரோடு ஜங்ஷன்.

காலவரிசையைச் சுருக்கமாகக் காண்போம். தென்னாட்டின் முதல் ரயில் பாதை 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி சென்னை ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் திறக்கப்பட்டது. சென்னை ரயில்வே கம்பெனியாரின் அப்பாதை படிப்படியாக நீண்டு, 1862-ல் ஈரோட்டைக் கடந்து போத்தனூரை அடைந்து, மேற்குக் கடற்கரையில் பேப்பூரிலிருந்து வந்த பாதையுடன் இணைந்தது. அதே காலத்தில் கிரேட் சதர்ன் ஆப் இந்தியா என்னும் வேறொரு கம்பெனி 1861-ல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்கும், 1862-ல் திருச்சிக்கும் பாதை அமைத்தது. அது 1866-ல் கரூரையும், 1868-ல் ஈரோட்டையும் எட்டியது. ஆகவே ஈரோடு ரயில் நிலையமாகியது 1862-ல், ஜங்ஷனாகியது 1868-ல்.

அதற்கு முன்னர் நிலைமை எவ்வாறு இருந்தது? பாரம் ஏற்றிய மாட்டு வண்டி நாளொன்றுக்குப் பத்து அல்லது பன்னிரண்டு மைல் செல்லும். ஈரோட்டிலிருந்து சென்னை ஏறக்குறைய 245 மைல், அதாவது 394 கிலோமீட்டர். எனவே, ஒரு வண்டி மஞ்சள் சென்னை போய்ச் சேர இருபது நாட்களுக்குக் குறையாமல் வேண்டும். மழைக்காலத்தில் வண்டிப் பாதையே மறைந்துவிடும். காலிங்கராயன் வாய்க்காலில் நீர் பாய்ந்து விளைந்த பொருளாயினும், அது நெடுந்தொலைவு செல்ல இயலாமல் உள்ளூர் விலைக்கே கட்டுப்பட்டிருந்தது. ரயில் வந்தவுடன் இருபது நாள் பயணம் இரண்டொரு நாளில் அடங்கியது. அது பெரும் நன்மை என்பதில் ஐயமில்லை.

ஆனால், அதே ரயில் வேறொன்றையும் கொண்டுவந்தது. சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய சீமை ஆலை நூல் தறிக்கு மலிவாகக் கிடைத்தது; சீமை ஆலைத் துணியும் அதே வண்டியில் வந்து தறிக்குப் போட்டியாக நின்றது. பாதை இருபுறமும் திறந்த கதவு. அதன் வழியே நமது பொருள் வெளியே செல்லுமா, பிறர் பொருள் உள்ளே வருமா என்பதைப் பாதை தீர்மானிப்பதில்லை. யார் திரளாகவும் ஒழுங்காகவும் சரக்கு அனுப்புகிறார்களோ அவர்களுக்கே அது அதிகமாகப் பயன்படுகிறது.

பாதை அளவு வேறானதன் விளைவு

1868-ல் ஈரோட்டில் கூடிய இரண்டு பாதைகளும் ஒரே அளவின. இரண்டு தண்டவாளங்களுக்கும் இடைப்பட்ட தூரம் ஐந்தடி ஆறு அங்குலம், அதாவது 1,676 மில்லிமீட்டர். இதனை அகலப் பாதை என்கிறோம். ஒரு கம்பெனியின் சரக்குப் பெட்டி மற்றொரு கம்பெனியின் பாதையில் தடையின்றி ஓடக்கூடும்.

இந்த வசதி நெடுநாள் நீடிக்கவில்லை. மேயோ பிரபு இராஜப்பிரதிநிதியாக இருந்த காலத்தில், செலவைக் குறைக்கும்பொருட்டு, 1870-ல் மீட்டர்ப் பாதை என்னும் குறுகிய அளவு ஏற்கப்பட்டது. அதன் இடைவெளி 1,000 மில்லிமீட்டர் மட்டுமே. 1874-ல் கிரேட் சதர்ன் கம்பெனி மற்றொரு கம்பெனியுடன் இணைந்து தென்னிந்திய ரயில்வே என்னும் பெயர் பெற்றது. அதன் பழைய அகலப் பாதைகள் மீட்டர்ப் பாதையாக மாற்றப்பட்டன. 1870-களின் முடிவுக்குள் நாகப்பட்டினத்திலிருந்து ஈரோடு வரை முழுவதும் மீட்டர்ப் பாதையாயிற்று. சென்னையிலிருந்து வரும் பாதையோ அகலப் பாதையாகவே நின்றது.

இதன் பொருளை அங்கத்தினர்கள் நன்கு கவனிக்க வேண்டும். தேசப்படத்தில் பார்த்தால் ஈரோட்டில் இரண்டு பாதைகள் முன்போலவே கூடின. ஆனால் சரக்கு கூடவில்லை. திருச்சிப் பக்கத்திலிருந்து வந்த பெட்டி ஈரோட்டுக்கு அப்பால் ஓரடியும் நகராது. அதிலுள்ள மூட்டைகள் அனைத்தையும் இறக்கி, மேடையில் அடுக்கி, எண்ணி, அகலப் பாதைப் பெட்டியில் மீண்டும் ஏற்றவேண்டும். மேற்கிலிருந்து கிழக்கே செல்லும் சரக்குக்கும் இதே கதி. ஒரு பக்கத்துப் பெட்டியின் கொள்ளளவும் மறுபக்கத்துப் பெட்டியின் கொள்ளளவும் ஒன்றாக இராமையால், ஒரே சரக்கு இரண்டாகப் பிரிந்து வெவ்வேறு நாளில் போய்ச் சேர்வதும் இயல்பு.

இவ்வாறு மாற்றி ஏற்றுவதால் நேரும் நஷ்டத்தை ஒரு கணக்கால் விளக்குவோம். நூறு மூட்டை மஞ்சள் அனுப்பப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறை இறக்கி ஏற்றும்போதும், கொக்கி பட்டுக் கிழிந்த சாக்கின் வழியே மூட்டைக்கு 200 கிராம் சிந்துகிறது என்றும் கொள்வோம். ஒரு முறைக்கு 20 கிலோ. வழியில் நான்கு முறை கைமாறினால் 80 கிலோ. நூறு மூட்டையுடன் புறப்பட்டவர், ஒரு மூட்டைக்கும் மேலான சரக்கை வழியிலேயே இழந்துவிட்டார். இதற்குமேல் ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, தாமதம், மழையில் நனைதல், மூட்டை மாறிப்போதல் ஆகியவை தனி. இவையெல்லாம் விலைப்பட்டியலில் வெளிப்படையாகத் தோன்றமாட்டா. விளைவித்தவருக்குக் கிடைக்கும் விலையிலோ, வாங்குபவர் கொடுக்கும் விலையிலோ அவை மறைந்து நிற்கும்.

இம்மாற்றம் நடைபெற்ற அதே ஆண்டுகளில், 1876 முதல் 1878 வரை, தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டை வாட்டியது. சேலம், கோயம்புத்தூர் ஜில்லாக்கள் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலில் வந்த தானியம் சென்னையிலிருந்து ரயில் வழியாக உள்நாட்டுக்கு வந்தது. ஆயினும் மாகாணத்தில் பல லட்சம் மக்கள் மடிந்தனர். தானியம் ஸ்டேஷன் வரை வந்தது. கையில் காசில்லாத உழவனின் அடுப்பு வரை செல்லவில்லை. தறி நின்றுபோன நெசவாளரின் நிலையும் அதுவே. கொண்டுவரும் சாதனம் மட்டும் இருந்தால் போதாது, வாங்கும் சக்தியும் விநியோக ஒழுங்கும் வேண்டும் என்பதை அப்பஞ்சம் காட்டியது. நம் நாட்டில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் 1904-ல் ஏற்பட்டதற்கு, பஞ்சங்களாலும் கடனாலும் குடியானவர்கள் நொந்துபோயிருந்ததும் ஒரு காரணமாகும்.

தடை நீங்கிய வரலாறு

நிர்வாகம் இரண்டாயிருந்த குறை முதலில் நீங்கியது. சென்னை ரயில்வே கம்பெனியின் ஒப்பந்தம் 1907-ன் இறுதியில் முடிவுற்றது. 1908 முதல் ஜோலார்பேட்டைக்கு மேற்கேயுள்ள பாதை தென்னிந்திய ரயில்வேயிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆகவே ஈரோட்டில் கூடிய இரண்டு பாதைகளும் ஒரே கம்பெனிக்கு உரியன ஆயின. ஆனாலும் தண்டவாளத்தின் அளவு வேறாகவே இருந்தமையால், மூட்டை இறக்கி ஏற்றும் வேலை நிற்கவில்லை. நிர்வாகம் ஒன்றானதால் மட்டும் சரக்கு ஒன்றாக ஓடிவிடாது என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

ஈரோடு–திருச்சிப் பாதை 1929 வாக்கில் மறுபடியும் அகலப் பாதையாக்கப்பட்டது. சுமார் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், ஈரோட்டில் பெட்டிகள் சரக்கை இறக்காமலே ஒரு பாதையிலிருந்து மறு பாதைக்குச் சென்றன. இதனால் கோயம்புத்தூர் ஆலை நூல் இறக்கி ஏற்றப்படாமல் கரூருக்கும் திருச்சிக்கும் செல்ல வழி ஏற்பட்டது. எனினும் தடை முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. திருச்சிக்கு இடம் மாறியது. அங்கிருந்து தஞ்சைக்கும் திண்டுக்கல்லுக்கும் சென்ற பாதைகள் மீட்டர்ப் பாதைகளாகவே இருந்தன. 1992-ல் நாடெங்கும் ஒரே அளவுப் பாதை என்னும் திட்டம் தொடங்கப்பெற்று, அப்பாதைகள் 1990-களின் பிற்பகுதியில் அகலமாக்கப்பட்ட பின்னரே திருச்சியிலும் அத்தடை நீங்கியது. 1870-களில் செலவைக் குறைக்க எண்ணிச் செய்த ஒரு மாற்றத்தை முழுவதும் திருத்த நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இதற்கிடையே நிர்வாகமும் பலமுறை மாறியது. தென்னிந்திய ரயில்வேயை 1944-ல் அரசாங்கம் ஏற்றது. 1951 ஏப்ரல் 14-ஆம் தேதி மூன்று ரயில்வேக்கள் இணைந்து தெற்கு ரயில்வே உருவாயிற்று. நெடுங்காலம் பாலக்காட்டுக் கோட்டத்தில் இருந்த ஈரோடு, 2007 நவம்பரில் புதிதாக அமைந்த சேலம் கோட்டத்தில் சேர்ந்தது. நீராவி எஞ்சின்கள் மறைந்து, டீசல் எஞ்சின்களும் பின்னர் மின்சார எஞ்சின்களும் வந்தன. எஞ்சின்களைப் பேணும் பெரிய கொட்டகைகள் ஈரோட்டில் அமைந்து, பல குடும்பங்களுக்குப் பிழைப்பளித்து வருகின்றன. 2023 ஏப்ரலில் தொடங்கிய சென்னை–கோவை வந்தே பாரத் வண்டியும் ஈரோட்டில் நின்று செல்கிறது.

அண்டை ஊர்களும் வளர்ந்தன. கரூரிலிருந்து திண்டுக்கல்லுக்கு 1988-லும், சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூருக்கு 2013-லும் புதுப் பாதைகள் திறக்கப்பட்டன. இதனால் சேலத்திலிருந்து கரூர் செல்லும் வண்டி ஈரோட்டைச் சுற்றிவர வேண்டிய அவசியம் இல்லாது போயிற்று. ஈரோட்டின் சிறப்புக் குறைந்துவிட்டது என்று சிலர் கருதக்கூடும். ஆனால், கரூர் நெசவாளருக்கு வழி சுருங்கியது. பொதுநன்மையை நோக்கும்போது இது வரவேற்கத்தக்கதே.

சிறு சரக்குக்கு நேர்ந்தது

இப்போது பாதை ஒரே அளவு, நிர்வாகம் ஒன்று, எஞ்சின் வேகமானது. அப்படியிருந்தும் நமது மஞ்சளும் ஜமக்காளமும் படுக்கை விரிப்பும் பெரும்பாலும் லாரியில் செல்வது ஏன்?

காரணம் இதுதான். முற்காலத்தில் ஒருவர் பத்து மூட்டை கொண்டுவந்தாலும் ரயில் ஏற்றுக்கொண்டது. அத்தகைய சில்லறைச் சரக்குகளைச் சேர்த்து ஒரு பெட்டியும், அத்தகைய பெட்டிகளைச் சேர்த்து ஒரு வண்டியும் யார்டில் கோக்கப்பட்டன. அவ்வாறு கோப்பதில் பெட்டிகள் பல நாட்கள் காத்துக்கிடந்தன. 1980-களில் ரயில்வே நிர்வாகம் அம்முறையைக் குறைத்து, ஓரிடத்தில் ஏற்றி ஓரிடத்தில் இறக்கும் முழு வண்டிச் சரக்கையே பெரிதும் விரும்பலாயிற்று. நிலக்கரிக்கும் சிமெண்டுக்கும் நெல்லுக்கும் அம்முறை பொருந்தும். சிறு விவசாயிக்கும் நெசவாளருக்கும் எவ்வாறு பொருந்தும்?

கணக்கைப் பாருங்கள். ஒரு முழுச் சரக்கு வண்டி இரண்டாயிரம் டன்னுக்குக் குறையாமல் கொள்ளும். இரண்டு ஏக்கரில் மஞ்சள் பயிரிட்டவருக்கு, ஏக்கருக்கு இருபது குவிண்டால் காய்ந்த மஞ்சள் என்று கொண்டால், நாற்பது குவிண்டால், அதாவது நான்கு டன் கிடைக்கும். ஒரு வண்டியை நிரப்ப அத்தகைய ஐந்நூறு பேர், ஒரே தரமான சரக்குடன், ஒரே நாளில், ஒரே ஊருக்கு அனுப்பச் சம்மதிக்க வேண்டும். பத்து டன் லாரியை நிரப்பவோ அவர்களுள் மூவர் போதும். லாரி வென்றதற்கு அதன் வேகம் மட்டும் காரணமன்று. சிறியவனின் அளவுக்கு அது இறங்கி வந்ததும் காரணம்.

2020 ஆகஸ்டில் மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியிலிருந்து பீகாரின் தானாப்பூருக்கு முதல் கிசான் ரயில் விடப்பட்டது. வழியிலுள்ள பல ஸ்டேஷன்களில் சிறு அளவுச் சரக்கையும் அது ஏற்றிக்கொண்டது. காய்கனிகளுக்குக் கட்டணத்தில் பாதி மானியமும் அப்போது அளிக்கப்பட்டது. சிறு சரக்குகளை ஒன்று சேர்த்தால் ரயிலும் சிறியவனுக்குப் பயன்படும் என்பதற்கு அது சான்று. பயணி வண்டிகளில் பார்சலாக அனுப்பும் வசதியும் இருந்துவருகிறது. ஒன்று சேர்க்கும் வேலையை யார் செய்வது என்பதே வினா.

சங்கம் செய்ய வேண்டியது

அந்த வேலைக்கு உரியது சங்கமே. ஜங்ஷனில் இருவகை ஏற்பாடுகளைக் கண்டோம். ஒன்று, ஐம்பது ஆண்டுகள் மூட்டைகளை இறக்கி ஏற்றிய மேடை. மற்றொன்று, சிதறி வந்த பெட்டிகளை ஒரே வண்டியாகக் கோத்த யார்டு. நமது வியாபாரத்தில் முன்னதைக் குறைத்துப் பின்னதைப் பெருக்க வேண்டும்.

முதலாவதாக, நமது பொருள் எத்தனை கை மாறுகிறது என்று ஒவ்வொரு சங்கமும் எண்ணிப் பார்க்கவேண்டும். களத்திலிருந்து உள்ளூர் வியாபாரி, அவரிடமிருந்து மண்டி, மண்டியிலிருந்து வெளியூர் வர்த்தகர் என்று செல்லும் வழியில், ஒவ்வொரு கைக்கும் ஒரு கழிவு உண்டு. ஈரோட்டிலும் கோபிசெட்டிப்பாளையத்திலும் வேளாண் உற்பத்தியாளர் கூட்டுறவு விற்பனைச் சங்கங்கள் மஞ்சளை ஏலத்தில் விற்றுத் தருகின்றன. களத்திலிருந்து நேரே அங்கு செல்லும் மூட்டை இரண்டு கைகளையேனும் தவிர்க்கிறது.

இரண்டாவதாக, எடையும் தரமும். சங்கங்களைப் பார்வையிடச் செல்கையில் நாம் முதலில் கேட்பது சரக்கு இருப்புப் பதிவேடு. வந்த எடை, சென்ற எடை, குறைவு, அதன் காரணம் ஆகியவை அன்றன்றே எழுதப்பட்டிருக்கும் சங்கத்தில் நஷ்டம் எங்கே நேர்கிறது என்பது மறைவதில்லை. விரலி மஞ்சளையும் கிழங்கு மஞ்சளையும் கலவாமல் தரம் பிரித்து வைத்தால், பல அங்கத்தினரின் சரக்கை ஒரே குவியலாக விற்க இயலும். ஈரோடு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் தனித்தனியே வெவ்வேறு தரத்தில் வரும் மூட்டைகளால் அப்பெயருக்குரிய விலையைப் பெற முடியாது.

மூன்றாவதாக, காத்திருக்கும் சக்தி. அறுவடைக் காலத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் விற்பதால் விலை சரிகிறது. கடனுக்கு அஞ்சி விற்பவர் கிடைத்த விலைக்கு விற்கிறார். சங்கத்தின் கிட்டங்கியில் சரக்கை வைத்துப் பொருளீட்டுக் கடன் பெற்றால், உடனடிச் செலவுக்குப் பணம் கிடைக்கும். சரக்கும் நம்முடையதாகவே இருக்கும். கிட்டங்கிதான் நமது யார்டு. அங்கே சரக்கு காத்திருப்பது வீணன்று. முழு வண்டி சேரும் வரை அது காத்திருக்கிறது.

நெசவாளர் சங்கங்களுக்கும் இவை பொருந்தும். சிட்டா நூலைத் தனித்தனியே கடனுக்கு வாங்கும்போது, விலையுடன் வட்டியும் தறியில் ஏறுகிறது. சங்கம் தேவையை முன்கூட்டியே கணக்கிட்டு மொத்தமாக வாங்கினால், நூல் தறிக்கு வரும் வழி சுருங்கும். 1935-ல் சென்னை மாகாணக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கமாகத் தோன்றி, இன்று கோ-ஆப்டெக்ஸ் என்று வழங்கும் நிறுவனம், சிதறிக்கிடந்த தறிகளின் துணியை ஒரே பெயரில் விற்பதற்காகவே ஏற்பட்டது. பவானி ஜமக்காளமும் சென்னிமலைப் போர்வையும் வெளியூர்களில் பெயர் பெற்றது ஒரு தறியால் மட்டும் அன்று.

இவற்றையெல்லாம் சங்க நிர்வாகிகள் மட்டும் செய்துவிட முடியாது. அவசரத்துக்கு வெளி வியாபாரியிடம் முன்பணம் பெற்று, சரக்கையும் அவரிடமே கொடுத்துவிட்டு, சங்கம் நல்ல விலை பெற்றுத்தரவில்லை என்று மகாசபையில் குறைகூறுவது முறையாகாது. சரக்கு வராத யார்டில் எந்த எஞ்சினும் வண்டியைக் கோக்க இயலாது. அதே சமயத்தில், அங்கத்தினருக்கு நாளில் பணம் பட்டுவாடா செய்யாத சங்கம், அவர் வெளியே சென்றதற்காக அவரைக் குற்றம் சொல்லவும் இடமில்லை. கடமை இருபுறமும் உண்டு.

ஈரோட்டில் ஐம்பது ஆண்டுகள் நீடித்த பாதைத் தடையை நீக்க ரயில்வேக்குப் பெரும் பொருளும் உழைப்பும் தேவைப்பட்டன. நமது வியாபாரத்திலுள்ள தடைகளை நீக்க அவ்வளவு வேண்டியதில்லை. சரியான தராசு, ஒழுங்கான பதிவேடு, உலர்ந்த கிட்டங்கி, சொன்ன நாளில் பட்டுவாடா, சங்கத்தை விட்டுப் பிரியாத அங்கத்தினர் ஆகிய இவை இருந்தால் போதும். வரும் மஞ்சள் பருவத்திற்கு முன்னதாகவே ஒவ்வொரு சங்கமும் நிர்வாகக் குழுவைக் கூட்டி, எத்தனை அங்கத்தினர் எவ்வளவு சரக்கைச் சங்கத்தின் மூலம் விற்க உறுதி தருகின்றனர் என்று எழுதி வாங்கிக்கொள்வது நலம். நெசவாளர் சங்கங்களும் அடுத்த காலாண்டின் நூல் தேவையை இப்போதே கணக்கிடலாம். அந்தக் கணக்கைக் கொண்டே லாரியா, பார்சலா, முழு வண்டியா என்று நாம் தீர்மானிக்க முடியும்.